கொட்டலசு

தை மாதம்.
கொய்யாவைக் கடித்தேன்.
வெள்ளைச் சதையில் சிவப்பாய் ஒரு கோடு.
பழத்துக்கு ஏது ரத்தம்
என்று திருப்பிப் பார்த்தேன்.
துடைத்துவிட்டு மிச்சத்தைத் தின்றேன்.

மாசியில் தலையணை உறையில் துருக்கறை.
பங்குனியில், பக்கத்தில் படுத்தவள்
அந்தப் பக்கம் திரும்பி
"ஐஸ் போடாத பெட்டி மாதிரி நாறுதுய்யா"
என்று சுவரிடம் சொன்னாள்.
பூங்காவனம், மோந்தே மீனுக்கு விலை வைப்பவள்.
அவள் மூக்கு பொய் சொல்லாது.

வலி இல்லை. அதுதான் விஷயம்.
வலித்திருந்தால் பயந்திருப்பேன்.
ரத்தம் வந்த பக்கம்
பிரஷ் போவதை நிறுத்தினேன்.
புண்ணைத் தொடக்கூடாது என்பது
என் சொந்த வைத்தியம்.

சித்திரையில் தடைக்காலம்.
அறுபத்தோரு நாள் கடலுக்குப் பூட்டு.
காசிமேட்டில் படகை மேலேற்றினோம்.
அடிப்பக்கம் என் வேலை:
கொட்டலசு சுரண்டுவது.
முதலில் வழவழவென்று ஒரு படிவு வரும்,
அன்றே துடைத்தால் கந்தல்துணி போதும்.
விட்டால் அதன்மேல் வந்து குடியேறும்,
ஓட்டின்மேல் ஓடு கட்டும்,
பிறகு உளிதான்.
இருபத்திரண்டு வருஷமாக
இது எனக்குத் தெரியும்.

சூரியநாராயணா தெருவில் மாடியேறி ஒரு கிளினிக்.
பூங்காவனம் செருப்பைக்கூடக் கழற்றாமல்
வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.
டாக்டர் நிலோஃபர் என் கையில் கண்ணாடி கொடுத்து
கீழுதட்டை விலக்கினார்.
முன்வரிசைக்குப் பின்னால்
மஞ்சளும் பழுப்புமாய்...
பெயரை அவர் சொல்லுமுன்
நான் சொல்லிவிட்டேன்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில்
மெல்லிய கம்பியை இறக்கி
"மூணு, அஞ்சு, ஆறு" என்றார்.
குண்டுக்கயிறு விட்டு ஆழம் பார்க்கிறவன் நான்.
ஆழமே இருக்கக்கூடாத இடத்தில்
இவ்வளவு ஆழமா?
"சுகர் எப்ப பாத்தீங்க?"
பல்லுக்கும் சுகருக்கும் என்னம்மா?
"ரெண்டும் கூட்டாளி.
ஒண்ணு கெட்டா இன்னொண்ணையும் இழுத்துக்கும்."
சட்டைப்பையில் மாவாப் பொட்டலம்
மூச்சுவிடாமல் படுத்திருந்தது.
"அதையும்தான்" என்றார், பார்க்காமலே.

கொசுக்குரலில் ஒரு மெஷின்.
துப்பினேன். தொட்டியில்
சுண்ணாம்புச் சில்லும் என் ரத்தமும்.

"சுத்தம் பண்ணா பல்லு ஆடும்டா தேசப்பா,
தலபாடா அடிச்சுக்கினேனே"
வலை முடிந்துகொண்டே சொன்னான் சகாயராஜ்.
ஆடத்தான் செய்தது.
இரண்டு நின்றுகொண்டன.
ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று.
ஆனால் சுரண்டிய பலகையில் ஓட்டை தெரிந்தால்
சுரண்டினவனையா உதைக்கிறோம்?
ஓட்டை முன்பே இருந்தது.
கொட்டலசு அதை மூடிவைத்திருந்தது, அவ்வளவுதான்.

போன எலும்பு வராதாம்.
இருப்பதை வைத்துக்கொள்ளலாமாம்.
ராத்திரி சோற்றுக்கப்புறமும் தேய்க்கணும்,
ரத்தம் வர்ற இடத்தை விடாமல் தேய்க்கணும்,
பிரஷை ஈறுப்பக்கம் சாய்த்து, பொறுமையாக.
"படகு தேய்க்கிற கை இங்க வேணாம்ணே."

தெருக்குழாயில் முதல் வாரம் நுரை சிவப்பு.
பிறகு ரோஸ்.
பதினோராம் நாள்
வெள்ளையாய்த் துப்பினேன்,
குழாயடியில் குடத்தோடு நின்றவர்களுக்கு
என்ன புரிந்திருக்கும்,
ஒருவன் தன் எச்சிலைப் பார்த்துச் சிரிப்பது.

நாக்கு மட்டும் இன்னும்
போன பல்லின் குழிக்குப் போய்ப் போய் வருகிறது.

ஆனி பிறந்தது. கடல் திறந்தது.
டீசல் கேனுக்குப் பக்கத்தில்
டம்ளரில் என் பிரஷ் ஆடிக்கொண்டு வருகிறது.
பையன்கள் கிண்டல் செய்கிறார்கள்,
செய்யட்டும், கடைவாயில் மாவா அடக்கிய பையன்கள்.
சுகர் மாத்திரை காலையில் ஒன்று.
நாளுக்கு நாலு பொட்டலம்
இப்போது ஒன்றில் நிற்கிறது.
பூங்காவனத்திடம்
விட்டாச்சு என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கிட்டே வந்து
ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுப் போனாள்.