இருப்புப் பதிவேட்டில் நாற்பத்தொன்று

சோடியம். நூறு கிராம். ஒரு குப்பி.
வேதியியல் ஆய்வகம், பூட்டிய அலமாரி, மேல் தட்டு.
சாவி என் அரைஞாணில்.

முள்ளியாற்றுக்குத் தண்ணீர் வரும் நாளைத்
திருத்துறைப்பூண்டியே விரல்விட்டு எண்ணும்போது
தண்ணீரே ஆகாத ஒன்றுக்குப்
பதினாறு வருடமாக நான் காவல்.

கத்தி வைத்தால் போதும், நுங்கு மாதிரி இறங்கும்.
வெட்டிய முகம் வெள்ளி.
ஒரு தும்மல் போட்டு நிமிர்வதற்குள் மங்கிவிடும்.
மண்ணெண்ணெய்தான் அதற்குப் போர்வை.

ஆற்றில் முதல் நீர் வந்த அன்று
பர்வீன் டீச்சர் ஒரு தொட்டி மொண்டு வரச் சொன்னார்.
கலங்கல், நுரை, ஒரு வைக்கோல் துரும்பு.
மிளகளவு போட்டதும்
உருண்டது, சீறியது, கரைக்குக் கரை ஓடியது,
மஞ்சளாய் ஒருமுறை எரிந்து
இல்லாமல் போனது.
பினாப்தலீன் இரண்டு சொட்டு:
தொட்டிக்குள் ஆறு ரோஜா நிறமானது.
"எங்க போச்சு டீச்சர்?"
கேட்டவன் விடுதிப் பையன். அப்பாவுக்கு
வேதாரண்யத்தில் உப்பு வாருகிற வேலை.
"எங்கயும் போகல. உங்கப்பா வாருறதுல
அடங்கிக் கிடக்கே, அதேதான்."

இருநூறு வருடம் முன்புவரை
யாரும் இதைத் தனியாகப் பார்த்ததில்லையாம்.
உவர்மண்ணில் வேட்டி வெளுத்தவர்களின்
நகக்கண்ணில் இருந்திருக்கிறது.
காரத்தை உருக்கி மின்சாரம் பாய்ச்சிய பிறகுதான்
முகம் காட்டியது.

கார்த்திகையில் புயல்.
ஆய்வகத்தில் முழங்கால் தண்ணீர், ஏறிக்கொண்டிருந்தது.
தராசு போகட்டும், பியூரெட் போகட்டும்.
குப்பியைத் தலையில் வைத்துத் துண்டால் கட்டி
மாடி வகுப்பறைக்கு ஏறினேன்.
அங்கே நாற்பது குடும்பம், ஒரே இருட்டு.

"தலையில என்ன, மண்ணெண்ணெயா?"
கேட்டவள் பெயர் அஞ்சலாட்சி.
மடியில் குழந்தை; வயிற்றுப்போக்கில் கண் குழிந்திருந்தது.
உப்பும் சர்க்கரையும் கையிலிருந்தன,
அளக்க வெளிச்சம் இல்லை.

விதி எனக்குத் தெரியும்.
கூரை ஒழுகியதும் தெரியும்.
யாரோ குடை பிடிக்க, மூடியைத் திறந்து
கட்டிக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும்வரை
மை புட்டியில் வடித்தேன்.
திரி, என் சட்டைக் கைக்கிழிசல்.

சுடர் மஞ்சள்.
அது சோடியமா, வெறும் கரியா,
டீச்சரைக் கேட்க வேண்டும்.
குழந்தை முகம் சுளித்துக் குடித்தது,
கரண்டி கரண்டியாய்,
தண்ணீரோடு சண்டை மறந்த நாற்பத்தொன்றை.

ஏப்ரலில் தணிக்கை.
மண்ணெண்ணெய், குறைவு நூற்றைம்பது மில்லி. காரணம்?
'வெளிச்சம்' என்று எழுதினேன்.
சிவப்பு மையில் வட்டமிட்டு
கேள்விக்குறி போட்டுப் போனார்கள்.

பதில் இன்னும் எழுதவில்லை.
குறைந்ததை என் கைக்காசில் ஊற்றிவிட்டேன்.
சோடியம் நூறு கிராம், மிளகளவு குறைய,
அதை யாரும் கேட்கவில்லை.