காணிக்கை மேசையில் ஒரு சீப்பு

சனிக்கிழமை. டண்டினோங்கில் மழை விட்டிருந்தது.
கோயில் மண்டபத்து ஹீற்றர் வழமைபோலப் பழுது.
பதினொரு பிள்ளைகள்,
ஒருவரும் ஜாக்கெற்றைக் கழற்றவில்லை.

"மே மாதத் தமிழ்ப் பூசையில் சூசையப்பரை நினைப்போம்.
வீட்டில் வேலைக்குப் போகிறவரின் பொருள் ஒன்று
காணிக்கை மேசைக்குக் கொண்டு வாருங்கோ"
என்று போன கிழமை சொல்லியிருந்தேன்.
சொல்லும்போது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

மெல்றோய் தகப்பனின் இரும்புமூக்குச் சப்பாத்தை
நெஞ்சோடு அணைத்து வந்தான்.
இரவு வேலை முடிந்து கழற்றியது,
உள்ளே இன்னும் சூடு.
டிலானியிடம் தாயின் பெயர் அட்டை:
முதியோர் இல்லத்தில்
எந்த அறைக்குத் தேநீரில் சீனி கூடாதென்று
பின்பக்கம் பேனையால் எழுதிய இலக்கங்கள்.
இரட்டையர் இருவரும் பை நிறைய
இறப்பர் வளையம் கொண்டுவந்தார்கள்,
கூவீரப்பில் அஸ்பாரகஸ் கட்டுவது.
வந்ததும் ஆளுக்காள் அடிக்கத் தொடங்கினார்கள்.

ஒருவன் கல்குலேற்றர் கொண்டுவந்தான்.
தாய் கணக்காளர்.
சப்பாத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு
அதை நடுவில் வைத்தான்.
எது நடு, எது ஓரம் என்று
ஏழு வயதில் யார் காட்டிக்கொடுத்தது?
நான் இல்லை.
நான் திருத்தவும் இல்லை.

பிறகு ஜொவீற்றா.
கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.
அவள் தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவர்.
போன ஆவணியில் முள்ளந்தண்டு.
இப்போது வீட்டில்,
பிரிக்காத கம்பென்சேஷன் கடிதங்களோடு.
எல்லாம் தெரிந்துகொண்டே அவசரப்பட்டுச் சொன்னேன்:
"அம்மாவின்ர பேக்கரித் தொப்பி இருந்தால் போதும், பிள்ளை."

தொப்பியை வைத்தாள்.
பக்கத்தில் ஒரு சீப்பு.
இரண்டு பல் இல்லை.
சுற்றியிருந்த கறுப்பு மயிர் அவளுடையதுதான்.

"அம்மா நாலரைக்குப் போயிடுவா.
அப்பாதான் எனக்குத் தலை பின்னுறவர்.
முதல் சரிவரேல்ல. யூடியூப் பார்த்துப் பழகினவர்."

அப்போதுதான் அவளது பின்னலைப் பார்த்தேன்.
இடப்பக்கம் கொஞ்சம் தடிப்பு.
வகிடு மட்டும்
கத்தி பிடித்துப் பழகிய கை கீறிய கோடு.

கமிட்டி மொடெஸ்தா அக்கா காதுக்குள் சொன்னா:
"பீடத்துக்கு முன்னால சீப்போ? மயிர் வேற."
சொல்லப் பதில் தேடித் திரும்பினேன்.
வெள்ளைப் பலகையில் காலையில் எழுதியது
அப்படியே இருந்தது:
செய்யும் வேலையைவிடச் செய்கிறவர் பெரியவர்.
என் கையெழுத்துத்தான்.
நான்தான் வாசித்திருக்கவில்லை.

மயிரை எடுக்கவில்லை.
சீப்பை எடுக்கவில்லை.
என் கிடங்கு ஸ்கானரையும் கொண்டுபோய்
அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிறு அவர் வந்திருந்தார்.
கடைசி வரிசைக்கும் பின்னால், நின்றபடி.
அதிக நேரம் இருக்க ஏலாது.
மண்ணும் மனித உழைப்பும் தந்ததென்று
சுவாமி அப்பத்தை உயர்த்தியபோது
ஜொவீற்றா தம்பியை முழங்கையால் இடித்தாள்.
தகப்பனின் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.
தூண் மறைத்தது.

சூசையப்பரும் நற்செய்தியில்
ஒரு வார்த்தை பேசினவர் இல்லை.
எழும்பினார், போனார், செய்தார், அவ்வளவுதான்.
பீடத்தோரம் மரச் சுரூபமாய் நின்றார்,
கையில் உளி, தலையில் கொஞ்சம் தூசு.

பூசை முடிய ரோல்சும் தேநீரும்.
பொருள்கள் ஒரு கிழமை மேசையில் இருக்கட்டும்
என்று அறிவித்திருந்தோம்.
ஜொவீற்றா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சீப்பைத் தாங்கோ."

"மற்றதெல்லாம் இருக்குத்தானே, பிள்ளை.
அடுத்த ஞாயிறு எடுக்கலாமே?"

"ஏலாது," என்றாள்.
"நாளைக்கு ஏழு மணிக்கு
அப்பாவுக்கு வேலை."