கட்டாயம் நிரப்ப வேண்டியவை

குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில்
ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம்.
என்னிடம் இருப்பது ஓரெழுத்துதான்.
அப்பா பெருமாள், உசிலம்பட்டிச் சந்தையில்
மூட்டை இறக்குகிறவர்.
'பி' என்று போட்டேன்.
குறைந்தது மூன்றெழுத்து வேண்டும் என்றது திரை.

முதல் வாரம் அவர் பேரை முழுசாகவே கொடுத்துவிட்டேன்.
பதில் அவருக்கே வந்தது:
அன்புள்ள பெருமாள், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி,
தற்சமயம் வேறொருவரைத் தேர்ந்திருக்கிறோம்.
கேட்டே இராத வேலை ஒன்று
அப்பாவுக்கு அன்றைக்கு இல்லையென்று ஆனது.
அவரிடம் சொல்லவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள்.
கணக்கு வைக்க நானே ஒரு அட்டவணை எழுதினேன்.
அது மட்டும் பிழையில்லாமல் ஓடுகிறது.

காளவாசலில், டூவீலர் ஷோரூமுக்கு மேல்மாடியில்
ஆறு மாதம் படித்தோம், இருபத்து மூன்று பேர்.
கீழே புது வண்டிக்குப் பூசை நடக்கும்போது
மேலே கற்பூர வாசத்தில் ஃபங்ஷன் எழுதுவோம்.
சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கினால்
இன்னொருத்தருக்குத் தவணை தொடங்கியாச்சு
என்பான் ஜெயசீலன்.
எங்கள் தவணை மாதம் நாலாயிரத்து முந்நூறு,
அதற்கு யாரும் எலுமிச்சை வைக்கவில்லை.
ஜெயசீலன் ஓசூருக்குப் போய்விட்டான், வேலையோடு.
ஃபெலிசிட்டா இன்சூரன்ஸ் விற்கிறாள்.
மற்றவர்களைப் பற்றி
ஒருத்தரை ஒருத்தர் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

பகலில் கோரிப்பாளையம், மருந்துக்கடை, பில் போடும் இடம்.
பெரியாஸ்பத்திரிச் சீட்டை நீட்டிக்கொண்டு
'அரை அட்டை மட்டும் குடும்மா' என்பார்கள்.
கடைக் கம்ப்யூட்டருக்கு அரை என்றால் ஆகாது,
தவறான அளவு என்று சிவக்கும்.
ஒன்று என்று அடித்துப்
பாதியைத் தள்ளுபடியில் கழிப்பேன்.
படிக்கும் முன்பு
மெஷின் குணமே அப்படி என்று நினைத்திருந்தேன்.
இப்போது தெரிகிறது, அது எவரோ ஒருவர்
ஏசியில் உட்கார்ந்து எழுதிய ஒற்றை வரி.
அரை அட்டை வாங்கும் நாள்
அவருக்கு வந்ததே இல்லை.

போன வியாழன் ஒரு நேர்காணல்.
'ஒக்... சாமல்?' என்றது பெங்களூர்க் குரல்.
ஆமாம் என்றேன், திருத்த நேரமில்லை.
லிங்க்டு லிஸ்ட்டைத் தலைகீழாக்கச் சொன்னார்கள்.
ஹாஸ்டல் மொட்டைமாடி, எனக்குப் பின்னால்
ரஹ்மத் நிஷாவின் நைட்டி காற்றில் உப்பி ஆட
மூன்றாவது கண்ணியில் வழி தவறினேன்.
சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.
சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு
கோர்ஸில் செய்த புராஜெக்டைத் தூசி தட்டினேன்,
ஹாஸ்டலுக்கு வந்துபோகிறவர்களின் பதிவேடு.
நாற்பத்தோராவது வரியில் இருந்தது:
குடும்பப் பெயர், கட்டாயம், குறைந்தது மூன்றெழுத்து.
எழுதியது நான்.
மார்ச் மாதம், மாதிரியைப் பார்த்து,
யோசிக்காமல், கூடவே அந்த நட்சத்திரமும்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
திட்டிய திட்டெல்லாம்
திரும்பி என் பாய்க்கே வந்து உட்கார்ந்தன.

அழித்தேன். ஓடவிட்டேன்.
ஒச்சம்மாள், பெ.
உள்ளே விட்டது.

இதற்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை.
ஐந்தாம் தேதி தவணை, இன்றைக்கு மூன்று.
நூற்றுப் பதிமூன்றாவது படிவத்தைத் திறந்தால்
அதே நட்சத்திரம்.
அப்பாவை இழுக்க மனசில்லை.
'பி'யை மூன்று தடவை அடித்தேன்,
ஏற்றுக்கொண்டது.

பிறகு பழைய மருந்து பில் ஒன்றைத் திருப்பிப் போட்டு
மூன்று கட்டம் வரைந்தேன், நடுவில் அம்புகள்.
முதல் அம்பைத் திருப்பினேன்,
இரண்டாவது கட்டம் கைவிட்டுப் போனது.
போவதற்கு முன் அதைப் பிடித்துவைக்க
இன்னொரு பேர் வேண்டும் போல.
என்ன பேர் வைக்கலாம் என்று
பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.