இருள் தொடங்கும் நிமிடம்

ஸ்வோல்வேர் துறைமுகத்தில்
மீன் வாரியக் கட்டடத்தின் மாடியறை.
வழக்கு ஒற்றைச் சொல்லில் தரைதட்டி நின்றது.
காப்பீட்டுத் தாள், பதினோராம் பிரிவு:
இருளில் விளக்கின்றிச் சென்ற படகுக்கு இழப்பீடு இல்லை.

தூர்லைஃப் மிர்பாக்கின் படகு கீழே கிடக்கிறது,
மூக்கு நொறுங்கி. ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.
போன ஆண்டு இதே நவம்பர் கடைசி வாரம்,
பிற்பகல் இரண்டு இருபத்தேழுக்கு மோதல்.
அந்த வாரத்தில் அங்கே சூரியன்
மலைவிளிம்பில் தலைகாட்டிவிட்டு
ஒரு மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும்.
பிறகு வருவது என்ன என்பதுதான் வழக்கு.

லண்டனிலிருந்து வந்த பெல்ஹாம் கேட்டார்:
பகலா, இரவா?
நீலம், என்றார் தூர்லைஃப்.
பகலா, இரவா?
நீலமாகத்தான் இருந்தது. வேறென்ன சொல்ல?

ஒளியியல் தெரிந்த எய்விந்த் பிரெக்கன் எழுந்து
மேசை நடுவே ஒரு சொல்லை வைத்தார்:
ஸ்பெக்ட்ரம்.
இந்த நுனி பகல், அந்த நுனி இரவு,
இடையில் எங்கு கை வைத்தாலும்
பக்கத்து நிறம் அதே நிறம்போலத்தான் இருக்கும்.
அப்படி அப்படியே நகர்ந்து போய்ப் பார்த்தால்
நீங்கள் வேறெங்கோ நிற்பீர்கள்.

பெல்ஹாமுக்கு எரிச்சல்.
கட்சிகளுக்கும் ஸ்பெக்ட்ரம், காய்ச்சல் மருந்துக்கும் ஸ்பெக்ட்ரம்,
என் அக்கா மகனைப் பற்றி மருத்துவர் சொன்னதும் அதே,
அரசாங்கம் ஏலம் விடுவதும் அதே.
எல்லா வாசலிலும் நுழைகிற சொல்
எந்த வீட்டையும் எனக்குக் காட்டுவதில்லை.

பிரெக்கன் சிரித்தார்.
லத்தீனில் அது ஆவியுருவைக் குறித்த சொல், ஐயா.
சுவரில் விழுந்த வண்ணப் பட்டைக்கு
பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர்.
தெரியும்; பிடிக்க முடியாது.

நம்மிடம் நிறமாலை என்றொரு சொல் இருக்கிறது.
நல்ல சொல்தான், ஆனால்
மாலையென்றால் பூவை எண்ணிவிடலாம்,
பூவுக்கும் பூவுக்கும் நடுவில் நார் தெரியும்.
இதில் நார் எங்கே?
அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை,
மாலை என்பது ஒரு பொழுதும்தான் என்று.

நடுவர் ராக்ன்ஹில்ட் ஸ்டோர்விக் கடிகாரம் பார்த்தார்.
ஒன்று நாற்பது.
விளக்கை அணைத்துத் திரையை விலக்கச் சொன்னார்.
யாருக்கு எப்போது இருள் என்று தோன்றுகிறதோ
அப்போது கையைத் தூக்குங்கள்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கே பெல்ஹாமின் கை.
இரண்டு பத்துக்குத் துறைமுக எழுத்தர்.
மோதிய படகை ஓட்டிய யூஸ்டைன்
இரண்டு இருபத்தேழுக்குப் பாதி உயர்த்தி
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து
தலையைச் சொறிந்துகொண்டான்.
பிரெக்கன் இரண்டு நாற்பத்தாறு,
கருவியைக் கேட்காமல் தூக்கியதில் அவருக்கே வெட்கம்.
பனி, நீலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.
யாரோ இருமினார்கள். காப்பி ஆறியது.

மூன்று மணிக்கும் தூர்லைஃபின் கைகள் மடியில்.
என் கயிறு தெரிகிறது, என்றார்,
பச்சைக் கயிறு, அந்த முடிச்சு வரைக்கும்.
பச்சை தெரிகிறதா, முடிச்சு தெரிகிறதா?
முடிச்சு, என்றார். பச்சை என்று எனக்குத் தெரியும்.

பெல்ஹாம் அதைக் குறித்துக்கொள்ள முனைந்தார்,
தாளில் தன் எழுத்தே அவருக்குத் தெரியவில்லை.

சுருக்கெழுத்தாளர் சுன்னிவாவிடம் கேட்டார் நடுவர்:
நீ தூக்கவே இல்லையே?
இரண்டு கையும் விசைகளில் இருந்தன, அம்மா.
மற்றவர்கள் தூக்கிய நேரங்களைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

போதும், என்று யாரோ விளக்கைப் போட்டார்கள்.
அந்த நொடியில் ஜன்னலுக்கு வெளியே இரவு.
படகு இல்லை, கயிறு இல்லை, மலை இல்லை.
கறுத்த கண்ணாடியில் நாங்கள் ஏழு பேர்
வெளிறி, அந்தரத்தில் உட்கார்ந்து
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பெல்ஹாமின் கை இன்னும் இறங்கவில்லை.