காரணம்: ஒரு வரி

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு.
சனிக்கிழமை ஆறு மணிக்கு
அதில் ஏதாவது அசைந்தாக வேண்டும்.
விடுதியில் நூற்றிருபது பிள்ளைகள்.
கோத்தகிரியின் மழைநாளில்
அவர்களை வேறெங்கே கொண்டுபோவது?

"முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள்" என்று
படிவம் ஒன்றை நீட்டினார் தலைமையாசிரியர்.
காட்டலாம், கூடாது. கீழே
காரணம் எழுத ஒரு வரி இடம்.

வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்,
இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம்.
கையில் இருந்தது மெஸ் கணக்கு நோட்டு.
கேரட் பத்து கிலோ, முட்டை நான்கு தட்டு,
அதே பக்கத்தின் ஓரத்தில்
செத்தவர்களுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்,
நான்கு நின்ற கோடு, குறுக்கே ஒன்று.
இடைவேளைக்குள் நாற்பத்தொன்று.
ரயில் நிலையத்தில் டிபன் கேரியர் வெடித்ததும்
கணக்கு விட்டுப்போயிற்று.
விட்டுப்போனது தெரிந்தபோது
நான் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன்.

கெட்ட வார்த்தை வந்தால் ஒலியை அமுக்கியிருந்தார்கள்.
எலும்பு முறியும் சத்தத்தை அமுக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளும் ஒன்றும் அறியாதவர்கள் அல்ல.
காட்டெருமை முட்டிய ஆளைக்
கைகாட்டி வளைவில் போர்வையோடு தூக்கிப்போனதை
பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள்.
அன்றைக்கு ராத்திரி பெள்ளி
இரண்டு தட்டு சோறு தின்றான்.
ஒரு வாரம் கழித்து, காரணமே இல்லாமல்,
பல் துலக்கும்போது அழுதான்.

கூடாது என்று எழுதினேன்.
காரணம்: ரத்தம்.
குண்டு வைக்கிறவன் பெயருக்கு
நான் கோடு எதுவும் போடவில்லை.

மறுநாள் மத்தியானம் மழை விட்டிருந்தது.
கற்பூர மரங்களுக்குப் பின்னால்
ஆறாம் வகுப்பு, ஆளுக்கொரு குச்சி.
முனவ்வர் விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான்.
"ஏன்டா, எப்பவும் நீயே சாகுறே?"
"நான்தான் மிஸ் தீவிரவாதி."
"யார் சொன்னது?"
"யாரும் சொல்லல மிஸ். பேரு அதுதானே."
முழங்காலில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டபடி
தன் தட்டு எண்ணைச் சொல்கிறவன் போலச் சொன்னான்.

படத்தைத் தீபாவளி விடுமுறையிலேயே
பார்த்து முடித்துவிட்டார்களாம்,
மாமா போனில், அண்ணன் போனில்.
நான்தான் கடைசி.

அவன் அப்பாவுக்குக் குன்னூரில் பேக்கரி.
பார்வையாளர் ஞாயிறில்
செய்தித்தாள் பொட்டலம் பொட்டலமாய் வர்க்கி வரும்.
சுடுகிற ஒவ்வொரு வாயோரத்திலும் அந்தத் தூளைப் பார்த்திருக்கிறேன்.
என் வாயோரத்திலும் இருந்திருக்கும், நேற்று.

அறிவுரை ஒன்று தொண்டை வரை வந்தது.
அதை இருமலாக்கிவிட்டுச் சொன்னேன்:
"இன்னைக்குக் குண்டு வைக்கிறது நான்."

குச்சிகள் தாழ்ந்தன.
போஜன் சந்தேகமாகக் கேட்டான்:
"மிஸ், உங்க முழுப் பேரு என்ன?"
"பியூலா தேவகிருபை."
"அந்தப் பேர்ல வில்லன் கிடையாது மிஸ்."
"இனிமே உண்டு."

வார்டனைச் சுடுவது எப்படி என்று
அவர்களுக்குத் தெரியவில்லை.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
முதலில் சுட்டது முனவ்வர்தான்,
ரொம்ப மரியாதையாக, தோளில்.
அதன்பிறகு எல்லாரும்.

ஐம்பத்தாறு வயதில் விழுவதற்கும் பழக்கம் வேண்டும்.
ஒரு கை ஊன்றி, பிறகு முட்டி, பிறகு முழுசாக.
புல் ஸ்வெட்டரைத் தாண்டி முதுகுக்குள் இறங்கியது.
இவ்வளவு குளிரிலா
இவன் தினமும் படுத்திருக்கிறான்?
இங்கிருந்து பார்த்தால்
எல்லாருடைய செருப்பின் அடியும் தெரிகிறது.
ரத்தம் என்று எழுதியதை அடித்துவிட்டு
அந்த ஒரு வரியில் எதைத் திணிப்பது என்று
யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

வராந்தாவில் குடையோடு தலைமையாசிரியர்:
"மேடம், ஆறு மணிப் படம் என்னாச்சு? முடிவு பண்ணிட்டீங்களா?"

செத்தவர்கள் பேசக்கூடாது, அது இந்த விளையாட்டின் விதி.
கண்ணை மூடிக்கொண்டேன்.

முனவ்வர்தான் பதில் சொன்னான்:
"சார், மிஸ் செத்துட்டாங்க.
கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க."