கறண்ட் போன அரைமணி

பொன்மனையில் மழை.
இடவப்பாதி மழை, லேசில் நிற்கிற மழை இல்லை.
எங்கேயோ ஒரு ரப்பர் மரம்
கம்பிமேல் சாய்ந்தது.
பொசுக்கென்று வீடு கறுத்தது.

"அங்ஙனயே இரி மக்களே,
டார்ச்ச எடுத்திட்டு வாறேன்" என்றாள் அம்மை.
இருப்பாளா பெனிஷா?
அஞ்சு வயசு முடிந்து
மூன்று நாள் ஆனவள் இருப்பாளா?
கையை நீட்டினாள்.

முதலில் கிடைத்தது சுவர்.
சிமெண்டுக்குக் காசு தீர்ந்தபோது
பூசாமல் விட்ட சுவர்.
சொரசொரசொர என்று
விரல் நுனியைக் கடித்தது.
பிடித்துக்கொண்டே நடந்தாள்.
ஓரிடத்தில் சுவர்
சட்டென்று முடிந்து மரமானது.
ஓ, வாசல் நிலை! அயனி மரம்.
எக்கி எக்கி மேலே தொட்டால்
வழவழ வழவழ.
வருகிறவர் போகிறவர் எல்லாரும்
பிடித்துப் பிடித்து வழுக்கிய இடம்.
கீழே, பெனிஷாவின் உயரத்தில்,
மரம் இன்னும் முரடு.
அங்கே யாரும் பிடித்ததே இல்லை.

காலில் ஏதோ இடித்தது.
குனிந்து தொட்டாள்.
முள்ளா? முள் இப்படிக் குண்டாக இருக்காது.
முதலையா?
பொன்மனையில் ஏது முதலை!
மூக்கை வைத்தாள். சக்கை!
காலையில் ஸ்டாலின் மாமன்
தோளில் சுமந்து வந்த வருக்கைச் சக்கை.
குட்டிக் குட்டிக் கூம்பு,
எண்ணினால் ராத்திரி போதாது.

வெளியே இப்படிக் குத்துகிறது,
உள்ளே சுளை மட்டும்
சோப்பு மாதிரி வழுக்குகிறது.
நடுவில் எந்த இடத்தில்
சக்கைக்கு மனசு மாறுகிறது?
வெட்டிப் பார்க்கலாம்.
கத்தியைத் தொட்டால் அம்மை வெட்டுவாள்.

எழுந்தாள். முகத்தில் தப்பென்று
ஈரமாக, குளிராக ஒன்று ஒட்டியது.
கத்தப் போனவள் கத்தவில்லை.
கொடியில் தொங்கும் ரப்பர் ஷீட்டு!
மழைக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது.
மெஷினில் அழுத்திய கோடு கோடு கோடு.
நகத்தால் குறுக்கே இழுத்தாள்:
டர்ர்ர்ர்ர்.
கோட்டோடு கோடாக இழுத்தாள்:
சத்தமே இல்லை.
மறுபடி குறுக்கே, டர்ர்ர்ர்ர்.
மறுபடி நீளமாக, ம்ஹூம்.
அதே ஷீட்டு. அதே விரல்.
போகிற பக்கம்தான் வேறே.

"அம்மோ! ஷீட்டு பேசுது!"
"கைய வச்சிட்டு சும்மா இரி!"
அடுக்களையில் டப்பா உருளும் சத்தம்.

இப்போது பெனிஷாவைத் தேடி ஒன்று வந்தது.
காலில் உரசியது,
பஞ்சைவிட மெத்து, பட்டைவிட நைசு.
சோட்டுப் பூனை.
தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழு.
வாலிலிருந்து தலைக்குத் தடவினால்
சோட்டுவுக்குக் கோபம்.
கோபம் ஆறியதும் கையை நக்கியது.
ஐயே!
நாக்கு மட்டும் உப்புத்தாள்!
ஆசாரி கதவு தேய்க்கிற அதே உப்புத்தாள்.
அத்தனை மிருதுவான பூனை
அதை வாய்க்குள் ஒளித்து வைத்திருக்கிறது.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.
பெனிஷா தரையோடு துழாவினாள்.
ஒரு பாதம்.
மேலே நகம், மினுமினுப்பு.
பின்னால் குதிகால்,
வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி
வெடிப்பு வெடிப்பு.
"அம்மை!"
"எப்பிடி தெரிஞ்சு?"
"காலு சொல்லிச்சு."
அம்மை டார்ச்சை அமுக்கினாள். எரியவில்லை.
தட்டினாள். எரியவில்லை.
பேட்டரி எப்போதோ
தம்பியின் காருக்குள் போய்விட்டது.

அப்போது கறண்ட் வந்தது.
சுவர் சாம்பல் நிறம். சக்கை பச்சை.
ஷீட்டு வெள்ளை. சோட்டு மஞ்சள்.
ஒன்றும் குத்தவில்லை,
ஒன்றும் வழுக்கவில்லை,
எல்லாம் தள்ளித் தள்ளி
அதனதன் இடத்தில் சும்மா இருந்தன.

பெனிஷா நேராக வாசலுக்குப் போனாள்.
கண்ணை இறுக்கி மூடினாள்.
நிலையில் தன் உயரத்தில் கையை வைத்து
மேலும் கீழும், மேலும் கீழும்
இருபது தடவை தேய்த்தாள்.
தொட்டுப் பார்த்தாள்.
இன்னும் முரடுதான்.

பரவாயில்லை.
நாளைக்கும் இந்த வழியாகத்தானே போகணும்.