உதறல்

சர்மியெந்தோவிலிருந்து ரியோ மாயோவுக்கு
அளவுகோல் வைத்துக் கிழித்த சாலை.
பின்தட்டில், என் தோள் உயரத்துக்கு,
இருநூறு செம்மறிகளுக்கான தடுப்பூசி
ஐஸோடு சேர்த்துப் பதினெட்டு கிலோ.

நூற்றுப் பதினெட்டில்
கைப்பிடி முதலில் முணுமுணுத்தது.
பிறகு மாட்டேன் மாட்டேன் என்று
தலையை ஆட்டத் தொடங்கியது
நொடிக்கு எட்டு முறை.
(எண்ணியது நானல்ல.
எட்டு இருக்கும் என்று பின்னால் நெல்டா சொன்னாள்.)

இறுக்கிப் பிடித்தேன்.
யார்தான் பிடிக்கமாட்டார்கள்?
இறுக்க இறுக்க
மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி
என்னையும் ஓர் உதிரிபாகமாக
மாட்டிக்கொண்டது வண்டி.

வேலிக்கு அப்பால் ஒரு குவானகோ
மென்றபடி பார்த்தது.

பிரேக்குக்குப் போன விரல்
ஏன் திரும்பி வந்ததென்று தெரியாது.
முழங்கால்களால் டேங்கைக் கவ்வி
நெஞ்சை அதன்மேல் கிடத்தி
ஆக்சிலரேட்டரைச் சொட்டுச் சொட்டாய் விட்டேன்.
கைகளை மட்டும்
ஈனும் ஆட்டின் வயிற்றில் வைப்பதுபோல்
வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

தொண்ணூறில்
அதுவாகவே மறந்துவிட்டது.

நெல்டா காயுபான் முன்சக்கரத்தைத் தூக்கிவைத்து
ஒற்றை விரலால் கைப்பிடியைத் திருப்பினாள்.
நட்டநடுவில் ஒரு டக்.
கோன்செட்டில் பள்ளம்.
முன்டயர் அலை அலையாய்த் தேய்ந்திருந்தது.
காற்று குறைவு.
அப்புறம் அந்தப் பெட்டி.
"இதில் எது செய்தது?"
"தனித்தனியாய்க் கூப்பிட்டு விசாரித்தால்
எல்லாமே நல்ல பிள்ளைகள்," என்றாள்.

டாம்பர் ஒன்று போட்டுவிடலாமே என்றேன்.
"காய்ச்சல்கார ஆட்டைக் கட்டிப்போட்டால்
காய்ச்சல் போய்விடுமா, டாக்டர்?"

டயர் கொமொடோரோவிலிருந்து வர ஆறு நாள்.
பெட்டியை இரண்டாகப் பிரித்து
இருபுறமும் தாழக் கட்டினாள்.
கோன்செட் புதிது; நட்டை
இறுக்கி, கால் சுற்று திரும்பத் தளர்த்தி,
காதை வைத்துக் கேட்டாள்.
கூலிக்கு அவள் நாய்க்குக் கருத்தடை செய்தேன்.
நாய் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

வியாழக்கிழமை, அதே சாலை.
நூறு. நூற்றுப் பத்து. பதினைந்து.
கைப்பிடி
தண்ணீர்த் தொட்டிபோல் சும்மா கிடந்தது.
எனக்குத்தான் உதறல் எடுத்தது.

அதற்கு நெல்டாவிடம் ஸ்பேனர் இல்லை.
தொண்ணூறுக்கு இறங்கினேன்.
ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.